பேரேட்டில் ஏறாத செலவு

ஒரு தொழிலின் உற்பத்திச் செலவு யாது என்று வினவினால், நம் சங்கங்களின் காரியதரிசிகள் தயக்கமின்றி விடை கூறுவர். நூல் விலை, சாயம், கூலி, வாடகை, வட்டி, தேய்மானம், வண்டிச் சத்தம் ஆகிய யாவும் பேரேட்டில் பற்று எழுதப்பட்டு, ஆண்டிறுதியில் லாப நஷ்டக் கணக்கில் வந்து சேர்கின்றன. தணிக்கைக்குச் செல்லும் எம்மைப் போன்றோரும் பற்றுச்சீட்டு உள்ளதா, தொகை சரியா என்று பார்ப்பதோடு அமைந்துவிடுகிறோம். ஆயினும் எவரும் பற்றுச்சீட்டு எழுதாத செலவு ஒன்று உண்டு. தொழில் நடத்துபவர் அதைக் கொடுப்பதில்லையாதலின் அவருடைய பேரேட்டில் அது ஏறுவதில்லை. அயலான் ஒருவன் தன் கிணற்றைக் கொண்டும், நிலத்தைக் கொண்டும், உடல் நலத்தைக் கொண்டும் அதைக் கொடுத்துத் தீர்க்கிறான். புகையோடு போகும் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றி இன்று உலகெங்கும் நிகழும் பொருளாதார வாதங்களின் சாரம், இச்செலவை எவர் பேரேட்டில் எழுதுவது என்பதுதான்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே ஓடும், அல்லது பெரும்பாலான மாதங்களில் ஓடாத, பாலாறே நமக்குப் போதிய பாடம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் உலகப் புகழ் பெற்றது. 2019-ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவ்வூர்கள் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் பங்காகிவிட்டன. ஆற்றுநீரும் நிலத்தடி நீரும் அவ்வெல்லைகளை அறியா.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாயிற்று என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும், பிற இரசாயனங்களும் அந்நீரோடு கலந்து வெளியேறின. இக்கழிவைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். செய்யாமல் விட ஒரு காசும் வேண்டியதில்லை. ஒருவர் சுத்தம் செய்து, மற்றவர் செய்யாமலிருந்தால், முன்னவரது சரக்கின் அடக்கவிலை ஏறும். சந்தையில் அவர் தோற்பார். எனவே தோல் முதலாளிகள் தீய மனத்தினர் என்று கொண்டு இதனை விளக்க முற்படுவது பயனற்றது. கழிவை ஆற்றில் விடுவதற்கு விலை பூஜ்யமாயிருந்தது. விலையற்ற பொருளை எவரும் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை. பீகு என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1920-ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்து, பிறர்மீது விழும் செலவுக்கு ஈடான வரியை அச்செலவை உண்டாக்குபவர்மீது விதிக்க வேண்டும் என்று எழுதினார்.

நம் பகுதியில் அந்த விலை நீதிமன்றத்தின் வழியாகவே வந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப் பெற்றுள்ளது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் கூறியது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். கிணறு உவர்ந்து தென்னை கருகிய குடியானவனுக்கு இது ஈடாகுமா என்பதை விவசாய அங்கத்தினர்களே கூறட்டும். அத்தொகையும் அனைவரையும் சென்றடையவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பளித்து, விடுபட்டோருக்கு அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாசு செய்தவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், சேதம் நீங்கும்வரை அவர்களது பொறுப்பு நீங்காது என்றும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. செலவு நேர்ந்தபின் ஈடு கேட்பதைவிட, நேருமுன்பே விலை வைப்பது எவ்வளவு மலிவு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நீதிமன்ற நெருக்குதலின் விளைவாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. சட்டப்படி அவை கம்பெனிகள்; தத்துவத்தாலோ கூட்டுறவே. பத்துத் தோல் போடும் சிறு தொழிலாளி தனியே ஒரு நிலையம் கட்ட இயலாது. நூறு பேர் பங்குத்தொகை போட்டுக் கட்டினால் ஒரு கன மீட்டர் நீருக்கு விழும் செலவு வெகுவாகக் குறைகிறது. நூலை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் நம் நெசவாளர் சங்கங்களின் முறையே இது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கழிவுநீரின் அளவை மட்டும் பார்த்துக் கட்டணம் வசூலித்தால், அங்கத்தினர் நீரைக் குறைப்பாரேயன்றி உப்பைக் குறைக்க மாட்டார். உப்பின் செறிவையும் அளந்து வசூலித்தாலன்றி, தோலை நனைக்குமுன் உப்பை உதறிப் பிரித்தெடுக்கும் எளிய வேலையைக்கூட எவரும் மெனக்கெட்டுச் செய்யார். எதற்கு விலை வைக்கிறோமோ அது குறையும்; வைக்காதது வளரும்.

இனி, நீரிலிருந்து காற்றுக்கு வருவோம். இவ்விரண்டும் தொடர்புடையன என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே செல்லலாகாது என்ற விதி வந்தபின், சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வழியே நீரைப் பிழிந்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. எஞ்சும் கடும் உவர்நீரைக் காய்ச்சி வற்றச் செய்ய வேண்டும். கொதிநிலையிலுள்ள ஆயிரம் லிட்டர் நீரை ஆவியாக்க 5,40,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி தரும் நிலக்கரியை, நான்கில் மூன்று பங்கு வெப்பத்தைப் பயன்படுத்தும் கொதிகலனில் எரித்தால் 180 கிலோ கரி செலவாகும். ஓர் அடுக்கின் ஆவியைக் கொண்டே அடுத்த அடுக்கைக் காய்ச்சும் நாலடுக்குக் கருவியில் இது ஏறத்தாழ 50 கிலோவாகக் குறையும். அப்போதும் எழுபது, எண்பது கிலோ கரியமில வாயு வெளியேறும். விறகை எரித்து, வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்த்தால் கணக்கு ஓரளவு நேராகும், வளர்க்காவிடில் நேராகாது. இறுதியில் எஞ்சும் உப்பையும் கசடையும் வைக்க இடமின்றி அவை குவிகின்றன. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அதனை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஆற்றுக்குச் செய்த தீங்கை நீக்கப்போய் அதில் ஒரு பகுதியை ஆகாயத்துக்கு மாற்றினோம் என்பதே இதன் பொருள். இதனால் சுத்திகரிப்பு வேண்டாவென்று கூறுவது அறிவீனம். மாசு உண்டானபின் அகற்றுவதைவிட உண்டாகாமல் தடுப்பது மலிவு என்பதையே இது காட்டுகிறது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீரின்றிக் குரோம் பதனிடும் முறையை வகுத்திருப்பது இத்திசையில் ஒரு நன்முயற்சி. உவர்நீர் ஒரு லிட்டர் குறைந்தால், அதைக் காய்ச்சும் கரியும் குறைகிறதன்றோ!

கரியமில வாயுவுக்கும் ஆற்றுக் கழிவுக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஆற்றில் கழிவு விட்டால் கீழ்க்கரைக் குடியானவன் இன்னாரென்று தெரியும். அவன் மனுச் செய்யலாம், வழக்காடலாம். ஆகாயத்துக்கு மேற்கரையுமில்லை, கீழ்க்கரையுமில்லை. இங்கு எரித்த கரியின் வாயு உலகெங்கும் பரவி, நூற்றாண்டுகள் தங்கி, பிறவாத குழந்தையின் காலத்து வெயிலையும் மழையையும் மாற்றுகிறது. வாதி இன்னாரென்று சுட்ட இயலாத வழக்கு இது. ஆதலின் நீதிமன்றத்துக்காகக் காத்திராமல் அரசுகளே விலை வைக்கும் வழியை நாடின. கரிக்கு வரி விதிப்பது ஒரு வழி. ஸ்வீடன் 1991 முதல் அவ்வாறு செய்கிறது. மொத்த வாயுவுக்கு ஓர் உச்ச வரம்பு கட்டி, வெளியிடும் அனுமதியைத் தொழிற்சாலைகள் தமக்குள் விற்று வாங்கச் செய்வது மற்றொரு வழி. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் இம்முறையைக் கையாள்கின்றன. குறைந்த செலவில் குறைக்கக்கூடியவன் மிகுதியாகக் குறைத்து, எஞ்சிய அனுமதியை விற்றுக்கொள்வான். இதனால் நாட்டின் மொத்தச் செலவு குறைகிறது என்பது பொருளாதாரிகளின் கூற்று. அது பெரிதும் சரியே.

நம் நாட்டின் அனுபவம் யாது? 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் தூய எரிசக்தித் தீர்வை விதிக்கப்பட்டது. அது படிப்படியாக ஏறி 2016-இல் 400 ரூபாயாயிற்று. ஒரு டன் நம் நாட்டுக் கரி ஏறத்தாழ ஒன்றரை டன் வாயுவை வெளியிடுமாதலின், ஒரு டன் வாயுவுக்கு 270 ரூபாய் அளவில் விலை வைத்ததாகும். ஐரோப்பியச் சந்தையில் 2024, 2025 ஆண்டுகளில் இதே டன்னுக்கு விலை பெரும்பாலும் 60 முதல் 80 யூரோ வரை நின்றது. தீர்வைப் பணம் புதுவகை எரிசக்திக்கென்று ஒரு நிதியில் சேர வேண்டும் என்பதே ஏற்பாடு. 2017-18 வரை ஏறத்தாழ 86,000 கோடி ரூபாய் கணக்கிடப்பட்டதில், அந்நிதிக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் ஏறத்தாழ பாதியே செலவிடப்பட்டது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, இத்தீர்வை மாநிலங்களின் வரி இழப்பை ஈடுசெய்யும் தீர்வையாக உருமாறியது. சேமநிதிக்கென்று பிடித்த பணத்தை நடைமுறைச் செலவுக்கு மாற்றிய சங்கத்தைக் கண்டால் தணிக்கையாளர் என்ன குறிப்பெழுதுவார் என்பதை அங்கத்தினர்கள் அறிவர்.

2025 செப்டம்பர் 22 முதல் அந்த 400 ரூபாயும் நீக்கப்பட்டு, நிலக்கரியின் சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பார்வைக்கு இது உயர்வாகவே தோன்றும். டன் 1,000 ரூபாய் விலையுள்ள மட்டக்கரிக்கு முன்பு 50-உம் 400-உம் சேர்ந்து 450 ரூபாய் வரி. இப்போது 180 ரூபாயே. டன் 4,000 ரூபாய் விலையுள்ள உயர்தரக் கரிக்கு முன்பு 600, இப்போது 720. எடைக்கு இட்ட வரி விலைக்கு இட்ட வரியாயிற்று. ஒரே அளவு வெப்பத்துக்கு மட்டக்கரியைக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்க, அதன்மேல் சுமை குறைந்தது. வருமானத்துக்கான வரி என்ற முறையில் இதற்கு நியாயம் இருக்கலாம். வாயுவைக் குறைக்கும் வரி என்று இதனைக் கூறவியலாது. அனுமதி வாணிபத்துக்கும் 2023-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டு, சிமெண்டு, அலுமினியம், காகிதம், ஜவுளி முதலிய பெருந்தொழில்கள் அதனுள் கொண்டுவரப்படுகின்றன.

இவற்றால் நம் நெசவாளருக்கு நன்மையா தீமையா என்ற வினா எழுவது இயல்பு. கைத்தறி மின்சாரமின்றி இயங்குவது. ஆகவே கரிக்கு விலை ஏறினால் விசைத்தறித் துணியின் விலை ஏறி, குடியாத்தம் கைத்தறிக் கைலிக்கு நல்ல காலம் பிறக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. டன்னுக்கு 400 ரூபாய் என்ற பழைய தீர்வை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 26 பைசா அளவே ஆகும். ஒரு மீட்டர் துணி நெய்ய விசைத்தறிக்குப் பத்தில் ஒரு யூனிட் செலவாகிறது என்று கொண்டால், மீட்டருக்கு மூன்று பைசாவுக்கும் குறைவு. ஐரோப்பிய விலையை முழுதும் இங்கு விதித்தாலும் மீட்டருக்கு அறுபது, எழுபது பைசாவைச் சுற்றியே நிற்கும். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் இடையிலுள்ள கூலி வேற்றுமையோ மீட்டருக்குப் பல ரூபாய். மேலும் விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட்டும், கைத்தறிக்கு 300 யூனிட்டும் 2023 முதல் இந்த மாநிலத்தில் இலவசம். ஆகவே கரியின் விலை ஏற்றம் தறியை எட்டுவதே அரிது. அதே வேளையில் நூற்பாலையின் மின்கட்டணம், சாய விலை, லாரி வாடகை ஆகியவற்றின் வழியாக அவ்வேற்றம் கைத்தறியாளரை வந்தடையும். புகையே விடாதவரும் புகைக்கான விலையில் ஒரு பங்கைக் கொடுப்பார். கரி வரியை வசூலிக்கும் அரசு, அதன் ஒரு பகுதியை ஏழை உற்பத்தியாளருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அறிஞர் பலர் வற்புறுத்துவது இதனாலேயே. இக்கோரிக்கையை நெசவாளர் சங்கங்கள் கருணை மனுவாக எழுதாமல் கணக்காக எழுத வேண்டும்.

விவசாயியின் நிலை இன்னும் சுவையானது. பழைய 5 குதிரைத்திறன் பம்பு ஒன்று மணிக்கு 5 யூனிட் இழுக்கிறது, ஆண்டில் 1,000 மணி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நீரை மூன்றரை யூனிட்டில் இறைக்கும் நல்ல பம்பை 40,000 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினால் ஆண்டுக்கு 1,500 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 7 ரூபாய் செலவென்று கொண்டால் 10,500 ரூபாய். நான்கே ஆண்டில் முதல் திரும்பிவிடும். ஒரு டன்னுக்கு மேல் வாயுவும் குறையும். இத்துணை லாபகரமான முதலீட்டை ஏன் எவரும் செய்வதில்லை? மிச்சமாகும் 10,500 ரூபாய் விவசாயிக்குச் சேர்வதில்லை. மின்சாரம் அவருக்கு இலவசம். ஆதாயம் மின்பகிர்மானக் கழகத்துக்கும், மானியம் கட்டும் அரசுக்கும் போகிறது. பம்பு வாங்கும் கை ஒன்று, மிச்சம் பெறும் கை வேறொன்று. இலவச மின்சாரத்தை நிறுத்துவது தீர்வாகாது. உவர்ந்த கிணற்றை விட்டு ஆழ்துளைக்குப் போன பாலாற்றுக் குடியானவனிடம் மேலும் பணம் கேட்பது நியாயமுமன்று. மிச்சத்தில் பாதியை அவனுக்கே கொடுப்பதாக அரசு ஒப்பந்தம் செய்தால் போதும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பம்புக்குக் கடன் வழங்கி, அப்பாதியைத் தவணையில் வரவு வைக்கலாம். பழைய பம்பை மாற்ற வேளாண்மைப் பொறியியல் துறை வழங்கும் மானியம் கிட்டத்தட்ட இந்த நோக்கமுடையதே. தொகை வரும் வழிதான் வேறு.

நெல் வயலில் நிலை வேறு. எப்போதும் நீர் தேங்கிய வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் என்னும் வாயு எழுகிறது; நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிக்க வல்லது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தணிகிறது, நீரும் மிஞ்சுகிறது, விளைச்சல் குறைவதில்லை. ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான வாயுவுக்கு இது சமம் எனலாம். இதனை விற்றுத் தருவதாகக் கூறிக்கொண்டு தரகர்கள் கிராமங்களுக்கு வரத் தொடங்கியுள்ளனர். டன் 1,000 ரூபாய்க்கு விற்றாலும் ஏக்கருக்கு 400 ரூபாய்தான். ஓர் ஏக்கரைத் தனியே அளந்து சான்று பெறும் செலவு அதனை விழுங்கிவிடும். ஐந்நூறு ஏக்கரை ஒரே பதிவேட்டில் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. ஆகவே தரகரின் ஒப்பந்தத்தில் அங்கத்தினர்கள் தனித்தனியே கையெழுத்திடாமல், சங்கத்தின் நிர்வாகக் குழுவின்முன் அதனை வைப்பதே முறை.

சங்கமே பணம் போட்டு, மிச்சத்தையும் சங்கமே பெறும் இடம் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அது சாயக்கூடம். சாயத்தொட்டியின் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. வெயிலில் இயங்கும் வெந்நீர்க் கருவி அந்நீரை 60 பாகைக்குக் கொணர்ந்து விட்டால், அடுப்பின் வேலை சரிபாதியாகிறது, விறகும் சரிபாதி. வேலூர் வெயிலைப் பற்றி அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாயக்கூடமுள்ள சங்கங்கள் கடந்த ஆண்டின் விறகுச் செலவை மாதவாரியாகப் பிரித்தெழுதி, கருவியின் விலையையும் கடன் வட்டியையும் அதனருகே வைத்து, அடுத்த மகாசபைக்குக் கொண்டுவரலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்குமாதலின், மிச்சத்தை ஆண்டுக்குப் பத்து மாதமென்றே கணக்கிடுதல் நலம்.